வண்டி நிற்கும்போது

சென்னையிலிருந்து தில்லிக்கு 2,182 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் இரண்டு இரவு, ஒரு பகல். என் கவலையெல்லாம் அந்த ஒரு பகலைப் பற்றித்தான்.

ஸ்லீப்பர் என்று பெயரே இருப்பதால் எல்லோரும் தூக்கத்துக்கே தயாராகிறார்கள். காற்றடைக்கும் தலையணை, கழுத்துக்கு ஒரு வளையம், போர்வை, காதுக்குப் பஞ்சு. குழந்தைகளுக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. ரயில் ஆட ஆட அவர்கள் தானாகத் தூங்கிவிடுவார்கள். காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை பதினாறு மணி நேரம் விழித்திருப்பார்களே, அதற்குத்தான் ஏற்பாடு வேண்டும். எட்டு வயதுப் பெண், நாலு வயதுப் பையன், அறுபத்தாறு வயது அம்மா, நான். மே மாதம். குளிர்சாதனம் இல்லாத பெட்டி.

ஏன் அந்தப் பெட்டி என்று தில்லியிலிருந்து தம்பி கேட்டான். விமானம் என்றால் அம்மாவுக்குக் காது அடைத்துக்கொள்ளும். ஏ.சி. பெட்டியில் நான் பார்த்தபோது காத்திருப்போர் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்லீப்பரில் ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அம்மா இந்த மூன்றையும் விட்டுவிட்டு நாலாவதாக ஒன்று சொன்னாள்: "ஜன்னல் தொறக்காத வண்டில போறதுக்கு எதுக்குடி ரயிலு?"

முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னால் பதிவு செய்யலாம். 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. நாலு மாதத்துக்கு முன்னால் எந்தப் பள்ளி முழுப் பரீட்சைத் தேதியைச் சொல்கிறது? அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்குக் கைபேசியோடு உட்கார்ந்தேன். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி பர்த் வேண்டாம் என்றால் டிக்கெட்டே தேவையில்லை. சின்னவன் கணக்கில் வரவில்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் இருந்தால் இரண்டு வழி: பர்த் இல்லாமல் அரை டிக்கெட், பர்த்தோடு முழு டிக்கெட். 2016 வரை அரை டிக்கெட்டிலேயே பர்த்தும் கிடைத்துக்கொண்டிருந்தது. பெரியவளுக்கு முழு டிக்கெட் போட்டேன். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு பர்த்தில் நாலு பேரை அடைத்தால், முதல் ராத்திரி முடிவதற்குள் நாலு பேரும் ஒருவரோடொருவர் பேச மாட்டோம். அம்மாவுக்கு மூத்த குடிமக்கள் சலுகை இருந்திருக்கும். 2020 மார்ச்சில் நிறுத்தியது, இன்னும் திரும்பி வரவில்லை.

வந்த எண்கள் 34, 36, 38. கைபேசியை வாங்கிப் பார்த்த பெரியவள், "எது மேல, எது கீழ?" என்றாள். மூன்றாம் வகுப்பில் அப்போதுதான் வகுத்தல் கணக்கு நடந்து முடிந்திருந்தது. எட்டால் வகுத்து மீதியைப் பார் என்றேன். மீதி ஒன்று அல்லது நாலு வந்தால் லோயர். இரண்டு, ஐந்து மிடில். மூன்று, ஆறு அப்பர். ஏழு வந்தால் சைடு லோயர், மீதி இல்லாமல் போனால் சைடு அப்பர். அவள் விரல் விட்டு, காகிதத்தில் போட்டு, மூன்றையும் சரியாகச் சொன்னாள். அதோடு விடவில்லை. அன்று முழுக்க வீட்டுக் கதவு எண், எதிர்வீட்டு ஸ்கூட்டர் எண், கேஸ் சிலிண்டரில் எழுதியிருந்த எண் எல்லாம் லோயரா அப்பரா என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள்.

34 நடுவில், பெரியவளுக்கு. 36 கீழே, முழங்கால் வலிக்கும் அம்மாவுக்கு. 38 மேலே, எனக்கும் சின்னவனுக்கும். அதாவது தூக்கத்தில் கடிகார முள் மாதிரி சுற்றுகிற பையனோடு நான் அந்தரத்தில். அதை வண்டியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். எண்பது பேர் படுக்கும் பெட்டியில் எங்கள் எண்கள் ஏறக்குறைய நட்டநடுவில் அமைந்ததே பெரிய காரியம். இரண்டு கோடியிலும் கழிவறை; நடுவில் இருந்தால் கதவு அடிக்கிற சத்தம் கிடையாது.

அந்தத் தூரமே பிறகு எங்களுக்கு வினையாக வந்தது.

*

மூட்டை கட்டும்போது அம்மாவுக்கும் எனக்கும் சண்டை. நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன்: துணி ஒரு பையில், சாப்பாடு ஒரு பையில், கைக்கெட்டும் பை ஒன்று. கைக்கெட்டும் பையில் ஈரத்துணி, சோப்புக் காகிதம், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காய்ச்சல் மருந்து, வாந்திக்குக் காகிதப் பை, சின்னவனுக்கு நாலு செட் துணி. அம்மா என் பட்டியலைப் படிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பழைய சுங்குடிச் சேலையை எடுத்து மடித்து உள்ளே வைத்தாள். நான் எடுத்து வெளியே வைத்தேன். அவள் மறுபடி உள்ளே வைத்தாள். "எடை கூடும்மா" என்றேன். "ஒன் பையன விடவா?" என்றாள்.

அவள் பயணம் போன காலத்தில் பட்டியலே வேறு. 1989-ல், எனக்கு ஐந்து வயது, கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸில் தில்லி போனோம். 1929-ல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய வண்டி அது. நாங்கள் ஏறும்போது சென்னை, தில்லி என்று சுருங்கியிருந்தது. அப்பா தோளில் ஹோல்டால். பாய், தலையணை, போர்வை எல்லாம் வைத்துச் சுருட்டி, வார் போட்டு இறுக்கிய கான்வாஸ் உருளை. ட்ரங்குப் பெட்டி, அதைக் கட்டச் சங்கிலி, பூட்டு. அம்மா கையில் திருகுமூடி போட்ட பித்தளைக் கூஜா. கடையில் தண்ணீர் விற்பார்கள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அப்பா சிரித்திருப்பார். வண்டி நிற்கும்போது அவர் கூஜாவோடு இறங்கி, நடைமேடைக் குழாயில் வரிசையில் நின்று பிடித்து வருவார். நாக்பூரில் அப்படி இறங்கியவர், வண்டி நகர்ந்த பிறகும் வரவில்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பக்கத்துப் பெட்டியில் ஏறி, உள்வழியாகவே நடந்து வந்தார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை, கூஜாவில் ஒரு சொட்டு சிந்தவில்லை என்பதில்தான் பெருமை. எனக்கு அந்த ஐந்து நிமிடம் இன்னும் முடியவில்லை.

ஆகவே என் பட்டியலில் தலைப்பிலேயே சிவப்பு மையில் ஒரு சட்டம்: எந்த நிலையத்திலும் யாரும் இறங்கக் கூடாது. கூடவே, சின்னவன் சட்டையின் உள்பக்கம் துணியில் எழுதும் பேனாவால் என் எண்ணும் தம்பி எண்ணும். பெரியவளுக்கு இரண்டு எண்ணும் மனப்பாடம். வண்டி ஏறும் முன் இரண்டு பேரையும் அன்றைக்குப் போட்ட துணியோடு நிற்க வைத்து ஒரு படம். பிள்ளை தொலைந்தால் பதற்றத்தில் என்ன நிறச் சட்டை என்பது எந்தத் தாய்க்கும் நினைவு வராது. கைபேசியில் 139, ரயில்வே உதவி எண், 1098, குழந்தைகளுக்கானது. இதெல்லாம் பயன்படாமலே போவதற்குத்தான் பதிந்து வைப்பது.

சாப்பாட்டில் அம்மா சொன்னதே சட்டம். மே மாதத்து வெயிலில் தேங்காய் பட்ட எதுவும் மறுநாள் காலையைத் தாண்டாது. இட்லிக்குச் சட்னி கிடையாது. சூடு ஆறிய பிறகு நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இரண்டு பக்கமும் தடவி, வாட்டிய வாழையிலையில் அடுக்க வேண்டும். சூட்டோடு கட்டினால் வியர்த்து ஊசிப்போகும். பிள்ளைகளுக்குப் பொடிக்குப் பதில் நெய்யும் சர்க்கரையும். மதியத்துக்குப் புளிசாதம். தயிர்சாதத்தைத் தயிர் ஊற்றிப் பிசைவதில்லை. குழைந்த சோற்றில் காய்ச்சிய பாலை நிறைய விட்டு, உறைக்கு ஒரு கரண்டி தயிர். ரயிலில் போகப் போக அது தானாகத் தோய்ந்து, உண்ணும் நேரத்துக்குப் புளிக்காமல் இருக்கும். இரவுக்குப் போபாலில் பார்த்துக்கொள்ளலாம், வாழைப்பழம் கையில் இருக்கட்டும் என்றாள். பிஸ்கட், சிப்ஸ் வகையறாவை நான் தனியாக வாங்கி வைத்ததை அவளிடம் சொல்லவில்லை.

*

இரவு பத்து மணிக்கு வண்டி. ஒன்பது மணிக்கே சென்ட்ரலில் இருந்தோம். பிள்ளைகளோடு போகிறவர்கள் நடைமேடையில் ஒரு மணி நேரம் காத்திருப்பது நல்லது. ஓடவேண்டியதையெல்லாம் அங்கேயே ஓடித் தீர்த்துவிடுகிறார்கள்.

33-க்கு உரியவர் எங்களுக்கு முன்னால் வந்திருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள்ளேயே அவருடைய எல்லாச் சாமானும். கீழ் பர்த் கேட்பதற்கு ஒரு நேரம் இருக்கிறது. ஆள் போர்வையை விரிப்பதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். விரித்துவிட்டால் அது அவர் வீடு. எனக்குத் தெரிந்த இந்தியில் நான் வாக்கியம் அமைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் சின்னவனைப் பார்த்து, "தம்பி கீழ படுக்கட்டும்க்கா. எனக்கு மேலதான் புடிக்கும். பகல்லயும் தூங்கலாம், யாரும் எழுப்ப மாட்டாங்க" என்றார். ஒரகடத்தில் மூன்று வருடமாகக் கம்பி கட்டுகிற வேலையாம். சொந்த ஊர் ஜான்சிப் பக்கம். தங்கை கல்யாணத்துக்குப் போகிறார். பெரியவள் என் காதில், "அம்மா, இந்தி அண்ணன் தமிழ் பேசறார்" என்றாள், பெட்டிக்கே கேட்கிற மாதிரி.

மிடில் பர்த்தை இரவு பத்திலிருந்து காலை ஆறு வரைதான் விரிக்கலாம் என்பது விதி. வண்டி கிளம்புவதே பத்துக்கு என்பதால் ஏறினதும் விரித்தோம். பெரியவள் விழாமல் இருக்க, பர்த்தின் இரண்டு பக்கச் சங்கிலிக்கும் குறுக்கே என் துப்பட்டாவைக் கட்டினேன். கூடூர் வருவதற்குள் இரண்டும் தூங்கிவிட்டன. நான் சின்னவனுக்கு அணையாக விளிம்பில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். விடியுமுன் பாலத்தின் சத்தம் மாறியதில் விழிப்பு வந்தது. கிருஷ்ணா. தூரத்தில் பிரகாசம் அணையின் விளக்குகள் நீரில் நீளநீளமாக ஆடிக்கொண்டிருந்தன. பிள்ளைகளை எழுப்பிக் காட்டலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். தூங்குகிற குழந்தையை அழகுக்காக எழுப்புகிற அளவுக்கு எனக்கு ரசனை கிடையாது.

*

ஆறு மணிக்கு மிடில் பர்த் மடிந்தது. பகல் தொடங்கிவிட்டது.

விளையாட்டுச் சாமான்களை மொத்தமாகக் கொட்டக் கூடாது என்பது என் திட்டம். ஒரு பெரிய நிலையம், ஒரு புதுப் பொருள். வாரங்கலுக்கு வண்ணப் பென்சில், பல்லார்ஷாவுக்கு ஒட்டுப்படம், நாக்பூருக்கு மண்ணுருண்டை மாதிரிப் பிசைகிற களிமண். எல்லாம் காகிதத்தில் சுற்றி நிலையத்தின் பெயர் எழுதியிருந்தேன். சின்னவன் வாரங்கலுக்கு முன்னாலேயே மூன்றையும் பிரித்துவிட்டான். எட்டு மணிக்குள் ஒரு நாளின் கையிருப்பு காலி.

பெரியவளுக்கு வைத்திருந்த வேலைதான் கடைசிவரை ஓடியது. கோடு போட்ட நோட்டில் நிலையங்களின் பெயர், வர வேண்டிய நேரம், வந்த நேரம், கடல் மட்டத்திலிருந்து உயரம். நிலையத்தின் மஞ்சள் பலகையில் கீழே சின்ன எழுத்தில் அந்த உயரம் இருக்கும். சென்ட்ரலில் அதைத் தேடிக் காட்டிக் கொடுத்திருந்தேன். தமிழ் போய்த் தெலுங்கு வந்ததை அவளே கண்டுபிடித்தாள். "ஜிலேபி எழுத்து வந்திருச்சு." கோதாவரியில் நீரைவிட மணல் அதிகமாகத் தெரிந்தது. பாலம் முடியும்வரை அவள் தூண்களை எண்ணினாள், நடுவில் சின்னவன் பேசியதால் எண்ணிக்கை தவறிப்போய் அவனை ஒரு அடி வைத்தாள்.

அந்த அடிக்கு அவன் அழவில்லை. அப்போதுதான் கவனித்தேன். முகம் இறுகியிருந்தது, கால்களைப் பின்னிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுக்கு வருதாடா?"

"வரல."

காலையில் ஒரு முறை கூட்டிப் போயிருந்தேன். பெட்டியின் கோடிவரை நடந்து, கதவைத் திறந்தால், அந்தச் சின்ன அறைக்குள் இரும்புச் சத்தம். கீழேயிருந்து சக்கரம் கத்துகிறது, சுவர் அதிர்கிறது, தரை இடதும் வலதுமாக இழுக்கிறது. அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உள்ள இழுத்துரும்" என்றான். இழுக்காது, அடியில் தொட்டி இருக்கிறது என்றேன். உண்மைதான். என் சின்ன வயதில் அந்த ஓட்டை வழியாகத் தண்டவாளக் கட்டைகள் ஓடுவது தெரியும், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இப்போது பயோ டாய்லெட்; பெட்டியின் அடியில் தொட்டி கட்டி, கழிவைத் தின்னும் பாக்டீரியாவை அதற்குள் விட்டிருக்கிறார்கள். ராணுவ ஆராய்ச்சித் துறையான டி.ஆர்.டி.ஓ.வோடு சேர்ந்து உருவாக்கியது. நாலு வயதுப் பையனிடம், கீழே ஓட்டை இல்லை, பூச்சிகள்தான் இருக்கின்றன என்று சொன்னது என் தவறு.

அன்றிலிருந்து, அதாவது காலை ஏழு மணியிலிருந்து, அவன் ஒரு முடிவு எடுத்திருந்தான். தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டும்? குடிக்கவில்லை. கொடுத்த பாலை அம்மாவின் டம்ளரில் ஊற்றிவிட்டான். என் பட்டியலில் வயிற்றுப்போக்குக்கு மருந்து இருந்தது. போகமாட்டேன் என்பவனுக்கு ஒன்றும் இல்லை.

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பல்லார்ஷா, சந்திரப்பூர் வட்டாரத்து மே மாத வெயில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். 45 டிகிரி அங்கே செய்தியே இல்லை. ஜன்னல் வழியாக வருவது காற்றில்லை, அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற வெக்கை. வடக்கே லூ என்று அதற்குத் தனிப்பெயர். மேல் பர்த்தில் கூரைச் சூடு தாங்காமல் கம்பி கட்டுகிற அண்ணன் இறங்கி வந்துவிட்டார். இந்த வெயிலில் ஒரு குழந்தை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

பல்லார்ஷாவில் வண்டி நின்றதும் சத்தம் நின்றது. சின்னவன் தலையைத் தூக்கினான். "இப்பப் போலாமா?" நான் அவனைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். பெரியவள் வழியை மறித்தாள்.

"கூடாது. எழுதிருக்கு."

கழிவறைக் கதவில் இருந்த அறிவிப்பை அவள் காலையிலேயே படித்து வைத்திருந்தாள்: வண்டி நிலையத்தில் நிற்கும்போது பயன்படுத்தக் கூடாது. இப்போது தொட்டி இருக்கிறது, கீழே விழாது, அது பழைய காலத்துச் சட்டம் என்று விளக்கினேன். "அப்ப ஏன் இன்னும் எழுதி வச்சிருக்காங்க?" என்றாள். எட்டு வயதில் சட்டம் என்றால் சட்டம். எந்த நிலையத்திலும் இறங்கக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதியவளின் மகள். நாங்கள் வாதாடி முடித்து நடந்து போனபோது இரண்டு கழிவறையிலும் ஆள். காத்திருக்கும்போதே வண்டி குலுங்கிக் கிளம்பியது. பையன் மறுபடி என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

அம்மா அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் தோற்றுத் திரும்பியதும், ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை எடுத்து, கம்பி கட்டுகிற அண்ணனிடம் கொடுத்துக் கழுத்தை அறுக்கச் சொன்னாள். அவர் தன் வாளியிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து வெட்டி, விளிம்பு கிழிக்காமல் இருக்கத் தீக்குச்சி கொளுத்தப் போனார். ரயிலில் நெருப்பு கூடாது என்று பெரியவள் அதற்கும் சட்டம் சொன்னாள். அது நியாயமான சட்டம். விளிம்பில் துணியைச் சுற்றினோம். அம்மா சுங்குடிச் சேலையை உதறி, இரண்டு பர்த்துக்கும் நடுவே திரையாகப் பிடித்தாள். "தாத்தா கூஜாவுல தண்ணி புடிப்பாரு. நீ இதுல புடி பாப்பம்."

பிடித்தான். நிறையப் பிடித்தான். பெருமையோடு உயரத்தில் தூக்கிக் காட்டியதில் பாதி என் மேல்.

அதற்குப் பிறகு எல்லாம் இளகியது. உப்புச் சர்க்கரைக் கரைசலில் எலுமிச்சை பிழிந்து, கரண்டி கரண்டியாக. காற்று வருகிற பக்கத்து இரும்புக் கதவை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்துக் கம்பியில் ஈரத்துண்டைக் கட்டினோம். காயக் காய நனைப்பது பெரியவளின் வேலை. உப்பு, மிளகாய்த்தூள் தூவின வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டு வந்தவரிடம் மிளகாய் இல்லாமல் நாலு. பால் சோறு, அம்மா சொன்ன நேரத்தில், அம்மா சொன்ன பக்குவத்தில் தயிர்சாதமாகியிருந்தது. சாப்பிட்டதும் சின்னவன் கண்ணைக் கசக்கினான். சுங்குடிச் சேலை திரும்ப வந்தது: இரண்டு மேல் பர்த்துகளின் தாங்கு கம்பியிலும் முனைகளைக் கட்டி, நடுவில் தூளி. நாலு வயதுக்குத் தூளியா என்று எனக்குக் கூச்சம். அம்மா போட்ட முடிச்சை அந்த அண்ணன் இழுத்துப் பார்த்து, தலையாட்டிவிட்டு, அவிழ்த்து, தன் கையால் வேறு முடிச்சுப் போட்டார். "இது அவுராதும்மா. கம்பி முடிச்சு." சேலை தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்படி தாழ்வாகத்தான் கட்டினோம். யாரும் ஆட்டவில்லை. வண்டியே ஆட்டியது. அதற்குள்ளிருந்து ஒரு கால் மட்டும் வெளியே தொங்க, இரண்டரை மணி நேரம் தூங்கினான்.

நாக்பூர் அந்தத் தூக்கத்தில் போயிற்று. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து நடைமேடையைப் பார்த்தேன். குழாய்கள் இருந்தன, பாட்டிலோடு வரிசையும் இருந்தது. ஆரஞ்சுக்குப் பருவமில்லை, ஆரஞ்சு பர்பி விற்றார்கள். ஜன்னல் வழியாகவே ஒரு பெட்டி வாங்கினேன். பெரியவள் பலகையைப் படித்து உயரம் முந்நூறைத் தாண்டிவிட்டது என்றாள். அம்மாவும் அந்தக் குழாய்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் தெரிந்தது. "அன்னிக்கு எனக்கும் உசுரு போயிருச்சு. நீ கத்தினதால நான் கத்தல" என்றாள். முப்பத்தாறு வருடத்தில் இதை அவள் சொன்னதில்லை.

*

நாக்பூர் தாண்டிச் சாயங்காலம் சாத்பூரா மலை. பேதுல் கடந்ததும் வண்டி வளைந்து வளைந்து இறங்குகிறது. தேக்கு மரங்கள் இலை உதிர்த்து நின்றன. நெடுந்தூரம் சமவெளியையே பார்த்த கண்ணுக்கு அந்த மொட்டை மலையே குளிர்ச்சி. குகை வந்தது. திடீரென்று இருட்டானதும் பெட்டி முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல். சைடு லோயரில் அதுவரை யாரோடும் பேசாமல் வந்த பெரியவர் ஒருவர், அடுத்த குகைக்கு எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார். நான் வாங்கி வைத்த எந்த விளையாட்டுச் சாமானும் அந்தக் குகைகளுக்கு ஈடாகவில்லை. அவை பட்டியலிலும் இல்லை, பையில் இடமும் அடைக்கவில்லை.

நர்மதையைக் கடக்கும்போது வெளிச்சம் மங்கியிருந்தது. பெட்டியில் பலர் கைகூப்பினார்கள், நாணயம் எறிந்தார்கள். சின்னவனுக்கும் ஒரு ரூபாய் கொடுத்தேன். அவன் அதை எறியவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டான்.

போபாலில் ரொட்டியும் வாழைப்பழமும். பத்து மணிக்கு விரிப்பு. நள்ளிரவுக்கு மேல் ஜான்சி. அந்த அண்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓசையில்லாமல் இறங்கியதை அரைத் தூக்கத்தில் பார்த்தேன். பகலில் தூளி முடிச்சை அவிழ்க்க நான் பத்து நிமிடம் போராடியிருந்தேன். சொன்னது போலவே அது அவிழவில்லை, கடைசியில் அவரே வந்து ஒரு முனையை எங்கோ இழுத்தார், கழன்றது. எப்படி என்று கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன்.

விடிந்தபோது குடிசைகளும் தொழிற்சாலைச் சுவர்களும். தில்லி நெருங்கிவிட்டது. எல்லோரும் பெட்டிகளை இழுத்து நடைவழியில் அடுக்கிவிட்டார்கள். நான் நாலு பைகளை மூன்றாக்கிக்கொண்டிருந்தேன். நிஜாமுதீனுக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் தண்டவாளங்கள் மட்டுமே இருந்த இடத்தில், சிக்னலுக்காக வண்டி நின்றது. சத்தம் அடங்கியது. எங்கோ ஒரு குயில்.

சின்னவன் என் துப்பட்டாவை இழுத்தான். "அம்மா, ஒண்ணுக்கு."

பாட்டிலை எங்கே வைத்தேன் என்று தேடினேன். "பாட்டில் வேணாம். அங்கயே போறேன்" என்று கோடியைக் காட்டினான். நான் தயங்கிப் பெரியவளைப் பார்த்தேன். அவள் கண்ணைச் சுருக்கி யோசித்தாள். ஜன்னல் வழியாக முன்னும் பின்னும் எட்டிப் பார்த்தாள். நடைமேடை இல்லை, மஞ்சள் பலகை இல்லை, உயரம் எழுதவும் ஒன்றுமில்லை.

"இது ஸ்டேஷன் இல்ல. போலாம்" என்றாள்.

அவன் பெட்டிகளின் மேல் ஏறித் தாண்டி ஓடினான். பின்னாலேயே ஓடிய என்னை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டான்.